பெங்களூரு ஏடிஎம் தாக்குதல், 2013: வாசலில் ஆள் இல்லாத மூன்று மணி நேரம்

2013 நவம்பர் 19, செவ்வாய்க்கிழமை, காலை 7 மணி தாண்டிச் சில நிமிடங்கள். பெங்களூரு கார்ப்பரேஷன் சர்க்கிள் பக்கத்தில் ஒரு ஏடிஎம். பணம் எடுக்க ஒரு பெண் உள்ளே போகிறார், வங்கி ஒன்றில் மேலாளர் அவர். பின்னாலேயே ஒருவன் நுழைகிறான். நுழைந்தவன் திரும்பி நின்று ஷட்டரை உள்ளேயிருந்து இழுத்து இறக்குகிறான். துப்பாக்கியைக் காட்டிப் பணத்தை எடு என்கிறான், அவர் மறுக்கிறார், அரிவாளை எடுத்து வெட்டுகிறான். கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு வெளியே வந்து, ஷட்டரைத் திரும்ப இறக்கிவிட்டுத் தெருவில் இறங்கி நடந்து போய்விட்டான்.

அந்தப் பெண் ஏறக்குறைய மூன்று மணி நேரம் உள்ளேயே கிடந்தார். ஆள் நடமாட்டம் இல்லாத இடமா என்றால் இல்லை, மாநகராட்சித் தலைமையகமே கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. காலை அலுவலக நேரம், பஸ் போகிறது, ஆட்டோ போகிறது, நூற்றுக்கணக்கான பேர் அந்த ஷட்டரைத் தாண்டிப் போயிருப்பார்கள். மூடிக் கிடக்கிற ஏடிஎம்மை யார் நின்று பார்ப்பார்கள்? ஷட்டருக்கு அடியில் ரத்தம் கசிவதைப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கவனித்துச் சொன்ன பிறகுதான் போலீஸ் வந்து ஷட்டரைத் தூக்கியது. மண்டை ஓடு உடைந்திருந்தது, உடம்பின் ஒரு பக்கம் செயலிழந்திருந்தது. அவர் பிழைத்தார், பல மாதங்கள் கழித்து வேலைக்கும் திரும்பினார்.

இத்தனையையும் உள்ளே இருந்த கேமரா முழுசாகப் பதிவு செய்திருந்தது. அந்தக் காட்சியைத்தான் அன்று மாலையிலிருந்து நாடு முழுக்க டிவியில் திரும்பத் திரும்பப் போட்டார்கள், நானும் பார்த்தேன். ஷட்டர் இறங்கும் அந்த இரண்டு நொடி இன்னும் என் கண்ணை விட்டுப் போகவில்லை.

இத்தனை வருஷம் கழித்து இதை ஏன் எழுதுகிறேன் என்றால், எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கத்தில் செக்யூரிட்டி ஏஜென்சியை மாற்றும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. சரி, சட்டம் என்னதான் சொல்கிறது என்று உட்கார்ந்து படிக்கப் போய், படிக்கப் படிக்க அந்த ஏடிஎம் வழக்கிலேயே போய் நின்றேன். தனியார் காவல் பற்றி நம் ஊரில் இருக்கிற எல்லாக் கோளாறும் அந்த ஒரு சம்பவத்திலும், அதற்குப் பிறகு அரசும் வங்கிகளும் செய்ததிலும் அப்படியே தெரிகிறது.

வழக்கின் போக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அவன் எடுத்துப்போன செல்போன் ஆந்திரத்தில் இந்துப்பூர் பக்கம் கைமாறியது தெரியவந்தது. ஆந்திர, கர்நாடகப் போலீஸ் இரண்டும் தேடின, முகம் தெளிவாக வீடியோவில் இருந்தது, போஸ்டர் ஒட்டினார்கள், பரிசு அறிவித்தார்கள். கிடைத்தது 2017 பிப்ரவரியில், சித்தூர் மாவட்டம் மதனப்பள்ளியில். ஏற்கெனவே கொலை வழக்கில் தண்டனை பெற்று, காவலிலிருந்து தப்பி ஓடிய ஆள். 2021ல் பெங்களூரு நீதிமன்றம் குற்றவாளி என்று தீர்ப்புச் சொல்லித் தண்டனை கொடுத்தது. குற்றவாளி விஷயம் அத்தோடு முடிந்தது. அந்த வாசலில் ஏன் ஆள் இல்லை என்ற கேள்வி மட்டும் முடியவில்லை.

சம்பவம் நடந்ததும் கர்நாடக அரசு வங்கிகளைக் கூப்பிட்டுப் பேசியது. மூன்று நாள் கெடு. அதற்குள் எல்லா ஏடிஎம்மிலும் காவலாளி நிற்க வேண்டும், இல்லையென்றால் மூடிவிடுவோம் என்றார்கள். கெடு முடிந்ததும் சொன்னபடியே போலீஸ் இறங்கியது, காவலாளி இல்லாத ஏடிஎம்கள் நூற்றுக்கணக்கில் மூடப்பட்டன. மக்கள் பணம் எடுக்க அலைந்தார்கள்.

அரசின் கோபம் நியாயமானது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த மூன்று நாளைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஒரு நகரம் முழுக்க ஏடிஎம்களுக்கு மூன்றே நாளில் காவலாளி வேண்டும். ஒரு வாசலுக்கு எட்டு மணி நேர ஷிப்ட் என்றால் மூன்று பேர், வார விடுப்புக்கு ரிலீவர் இன்னொருவர். ஆயிரம் ஏடிஎம் என்று வைத்துக்கொண்டால் மூவாயிரத்துக்கு மேல் ஆள். மூன்று நாளில் மூவாயிரம் பேரை எங்கிருந்து கொண்டு வருவது? கொண்டு வந்தவர்களுக்கு என்ன தெரியும்?

இந்தக் கேள்விக்கான பதில் அப்போதே சட்டத்தில் இருந்தது. தனியார் பாதுகாப்பு முகமைகள் (ஒழுங்குமுறை) சட்டம், 2005. மறு வருஷமே அமலுக்கு வந்துவிட்டது, அதாவது பெங்களூரு சம்பவத்துக்கு ஏழு வருஷத்துக்கு முன்னால். சட்டம் மத்திய அரசுடையது, ஆனால் அமல்படுத்துவது முழுக்க மாநிலத்தின் வேலை. ஒவ்வொரு மாநிலமும் ஒரு கட்டுப்பாட்டு அதிகாரியை நியமிக்கும், லைசென்ஸ் கொடுப்பதும் ரத்து செய்வதும் அவர்தான். மத்திய அரசு 2006ல் மாதிரி விதிகளை வெளியிட்டது, அதைப் பார்த்து மாநிலங்கள் தங்கள் விதிகளை எழுதிக்கொண்டன. தமிழ்நாட்டு விதிகள் 2008ல் வந்தன.

லைசென்ஸ் இல்லாமல் யாரும் செக்யூரிட்டி ஏஜென்சி நடத்தக் கூடாது. நடத்தினால் ஒரு வருஷம் வரை சிறை, அல்லது 25,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். லைசென்ஸ் கட்டணம் ஒரே மாவட்டம் என்றால் 5,000 ரூபாய், ஐந்து மாவட்டம் வரை 10,000, மாநிலம் முழுக்க என்றால் 25,000 என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. ஐந்து வருஷம் செல்லும். காவலாளி 18 வயதுக்குக் குறையாமல், 65க்கு மேற்படாமல் இருக்க வேண்டும், பின்னணி விசாரித்திருக்க வேண்டும், பயிற்சி முடித்திருக்க வேண்டும். குறைந்தபட்சக் கூலி, பிஎஃப், போனஸ் போன்ற தொழிலாளர் சட்டங்களின் பட்டியல் ஒன்று கடைசியில் இணைப்பாக இருக்கிறது, அவற்றை மீறினால் லைசென்ஸையே நிறுத்தலாம்.

மாதிரி விதிகளுக்குள் போனால்தான் எனக்கு ஆச்சரியம். பயிற்சி என்றால் சும்மா இல்லை, வகுப்பறையில் 100 மணி நேரம், களத்தில் 60 மணி நேரம், குறைந்தது 20 வேலை நாள். முன்னாள் ராணுவத்தினருக்கும் போலீசாருக்கும் மட்டும் சுருக்கமாக 40 மணியும் 16 மணியும். என்னென்ன சொல்லித்தர வேண்டும் என்றும் இருக்கிறது: தீயணைப்பு, முதலுதவி, கூட்டத்தைக் கட்டுப்படுத்துவது, அடையாள அட்டையைச் சரிபார்ப்பது, வெடிபொருளை அடையாளம் காண்பது, தற்காப்பு உரிமை எதுவரை, போலீசில் புகார் எப்படிக் கொடுப்பது.

உடுப்பைப் பற்றி எழுதியிருப்பதைப் படித்தால் எழுதியவர் எங்கேயோ ஒரு வாசலில் நின்று பார்த்திருக்கிறார் என்று தோன்றும். உடை இறுக்கமாகவும் இருக்கக் கூடாது, தொளதொளவென்றும் இருக்கக் கூடாது, குனிந்து நிமிர இடைஞ்சல் செய்யக் கூடாது. கயிறு கட்டிய விசில் இடது சட்டைப் பையில் இருக்க வேண்டும். கயிறு கட்டும் ஷூ. புகைப்பட அடையாள அட்டை இடுப்புக்கு மேலே, வெளியே தெரியும்படி. அப்புறம், டூட்டியில் இருக்கும் ஒவ்வொரு காவலாளியும் ஒரு நோட்டுப் புத்தகமும் எழுத ஒரு பேனாவும் வைத்திருக்க வேண்டும்.

சூப்பர்வைசர் பற்றியும் ஒரு விதி உண்டு. பதினைந்து காவலாளிகளுக்கு ஒரு சூப்பர்வைசர். அவர்கள் வெவ்வேறு இடங்களில் நிற்கிறார்கள், ஒரே ஆள் பார்த்துக்கொள்வது சாத்தியமில்லை என்றால் ஆறு பேருக்கு ஒருவர். ஏடிஎம்மைவிட வேறு எது இதற்குப் பொருந்தும்? ஒவ்வொரு ஏடிஎம்மும் தனி இடம், ஒவ்வொன்றிலும் ஒற்றை ஆள்.

இவ்வளவும் புத்தகத்தில் இருந்தபோதுதான் 2013 நவம்பரில் கெடு வந்தது. அந்தக் கெடு கேட்டது ஆள் இருக்கிறாரா என்ற ஒன்றை மட்டும்தான். எந்த ஏஜென்சி, லைசென்ஸ் உண்டா, பயிற்சி முடித்தவரா, சூப்பர்வைசர் யார் என்று கேட்கிற கெடு அல்ல அது. 20 நாள் பயிற்சி கேட்கிற சட்டத்தை வைத்துக்கொண்டு 3 நாளில் ஆளை நிறுத்து என்றால், நிற்கப் போவது பயிற்சி இல்லாத ஆள்தான் என்பது கணக்குத் தெரிந்த யாருக்கும் புரியும்.

அந்த டிசம்பரில் சென்னையில் எங்கள் தெரு முனை ஏடிஎம்மிலும் புதிதாக ஒருவர் வந்து உட்கார்ந்தார். பெங்களூரு பயம் இங்கேயும் பரவியிருந்தது. விழுப்புரம் பக்கத்துக்காரர், 60 என்று சொன்னார், பார்த்தால் அதற்கு மேலேயே இருக்கும். நீலச் சட்டை அவர் அளவுக்கு இல்லை, தோள் பட்டை முழங்கை வரை தொங்கும். பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று, அதன் ஒரு கால் உடைந்து சணல் கயிற்றால் கட்டியிருக்கும். ஏசி காற்று ஒத்துக்கொள்ளாமல் வெளிப் படிக்கட்டிலேயே உட்கார்ந்திருப்பார். ராத்திரி எட்டு முதல் காலை எட்டு வரை பன்னிரண்டு மணி நேரம். பேசப் பேசப் பழகிவிட்டார், முதலில் சார் என்றவர் அப்புறம் தம்பி என்று கூப்பிட ஆரம்பித்தார்.

“ஐயா, ட்ரெயினிங் ஏதாவது கொடுத்தாங்களா?” என்று ஒரு நாள் கேட்டேன்.

“கொடுத்தாங்க தம்பி. ஹெல்மெட் போட்டுக்கிட்டு யாரும் உள்ள போகக் கூடாது, ரெண்டு பேரா உள்ள போகக் கூடாது. அவ்வளவுதான் சொன்னாங்க.”

“யாராவது கத்தியோட வந்தா?”

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். “சூப்பர்வைசருக்குப் போன் போடணும். அவருக்கு நாப்பது பாயிண்ட் இருக்கு, நாப்பது இடத்தைப் பாக்கணும். எடுத்தார்னா உண்டு.”

விசில் கிடையாது. நோட்டு கிடையாது. ஏடிஎம் கண்ணாடிக்குப் பக்கத்தில் போலீஸ் ரோந்து வந்து கையெழுத்துப் போடுகிற பட்டா புத்தகம் மட்டும் ஒரு ஆணியில் தொங்கியது. ரோந்து போலீஸ் வந்தால் அவரைப் பார்த்து எழுந்து நிற்பார், அவர் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். காவலாளியின் அடையாள அட்டை இடுப்புக்கு மேலே இருக்கிறதா, எந்த ஏஜென்சி, லைசென்ஸ் என்ன ஆச்சு என்று அந்தப் போலீஸ்காரர் கேட்டு நான் பார்த்ததில்லை. அவரைக் குறை சொல்லவில்லை. கேட்கச் சொல்லி அவருக்கு யாரும் உத்தரவு போடவில்லை. யூனிபார்முக்கும் ஷூவுக்கும் முதல் இரண்டு மாதச் சம்பளத்தில் பிடித்தம். பக்கத்தில் கக்கூஸ் கிடையாது, இரண்டு தெரு தள்ளி இருக்கிற கட்டணக் கழிப்பிடத்துக்குப் போக வேண்டும். அந்தப் பத்து நிமிஷம் ஏடிஎம் காலியாகத்தான் இருக்கும். ரிலீவர் வராத அன்றைக்கு டபுள் டூட்டி, இருபத்து நாலு மணி நேரம். ஒரு நாள் விடியற்காலையில் அவர் படிக்கட்டில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்ப எனக்கு மனசு வரவில்லை. அந்த நேரத்தில் யாராவது அரிவாளோடு வந்திருந்தால் முதலில் வெட்டுப்படுவது அவர்தான்.

ஒரு வருஷம்கூட ஆகவில்லை, நாற்காலியோடு ஆளும் காணாமல் போனார். காரணம் பணம்தான். எல்லா ஏடிஎம்முக்கும் 24 மணி நேரமும் காவலாளி வைத்தால் ஆகும் செலவை யார் ஏற்பது என்று வங்கிகள் தரப்பில் அப்போதே கேட்டார்கள், ஏடிஎம் பயன்பாட்டுக்குக் கட்டணம் கூட்ட வேண்டிவரும் என்றார்கள். ரிசர்வ் வங்கி 2014 ஆகஸ்டில் ஒரு மாற்றம் அறிவித்தது. மும்பை, டெல்லி, சென்னை, கொல்கத்தா, பெங்களூரு, ஹைதராபாத் ஆகிய ஆறு பெருநகரங்களில், வேறு வங்கி ஏடிஎம்மில் மாதம் இலவசமாக எடுப்பது ஐந்து முறையிலிருந்து மூன்று முறையாகக் குறைந்தது, நவம்பர் 1 முதல் அமல். அந்த முடிவுக்குக் காவல் செலவு மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன், பெருநகரங்களில் ஏடிஎம்கள் நெருக்கமாக இருப்பதையும் கணக்கில் எடுத்தார்கள். ஆனால் வாடிக்கையாளர் பக்கமிருந்து பார்த்தால் நடந்தது இதுதான்: இலவசம் குறைந்தது, கொஞ்ச நாளில் காவலாளியும் போனார். அவர் இடத்தில் வந்தது கேமரா, சென்சார், எங்கோ தூரத்தில் இருந்து பார்க்கும் கட்டுப்பாட்டு அறை.

கர்நாடகம் 2017ல் பொதுப் பாதுகாப்பு நடவடிக்கைகள் அமலாக்கச் சட்டம் என்று ஒன்று கொண்டுவந்தது. ஒரே நேரத்தில் 100 பேரோ ஒரு நாளில் 500 பேரோ வந்து போகிற நிறுவனங்கள் சிசிடிவி வைக்க வேண்டும், பதிவை 30 நாள் பாதுகாக்க வேண்டும். நல்ல சட்டம், குற்றவாளியைப் பிடிக்க உதவும். ஆனால் கார்ப்பரேஷன் சர்க்கிள் ஏடிஎம்மில் கேமரா இருந்தது! முகம் தெளிவாகப் பதிவானது, அப்படியும் பிடிக்க மூன்று வருஷத்துக்கு மேல் ஆனது. அந்தப் பெண்ணுக்கு அன்று வேண்டியிருந்தது 30 நாள் பதிவு இல்லை. ஷட்டர் ஏன் காலை ஏழு மணிக்கு இறங்கிக் கிடக்கிறது என்று நின்று பார்க்கிற ஒரு மனுஷன்.

நம்மூரில் 2023 பிப்ரவரி 12 அதிகாலையில் என்ன நடந்தது என்று நினைவிருக்கும். திருவண்ணாமலை மாவட்டத்தில் ஒரே இரவில் நான்கு ஏடிஎம், கேஸ் கட்டர் வைத்து அறுத்து 70 லட்சம் ரூபாய்க்கு மேல் அள்ளிக்கொண்டு போனார்கள். ஹரியானாக் கும்பல் என்று பின்னால் தெரிந்தது. இயந்திரத்தை அறுத்துத் திறக்க நேரம் பிடிக்கும், சத்தம் வரும், நெருப்புப் பொறி பறக்கும். ஒன்றை முடித்துவிட்டு அடுத்த ஊருக்குப் போய் இன்னொன்று என்று நான்கு இடத்தில் செய்திருக்கிறார்கள், தடுக்க ஒரு ஆள் இல்லை. 2024 செப்டம்பரில் திருச்சூரில் மூன்று ஏடிஎம்களில் இதே கதை, கண்டெய்னர் லாரியில் தப்பி வந்தவர்களை நாமக்கல் மாவட்டம் குமாரபாளையம் பக்கம் நம் போலீஸ் விரட்டி மடக்கியது.

பணத்துக்கு ஒரு நியாயம், மனுஷனுக்கு ஒரு நியாயம் என்று எனக்குத் தோன்றுவது எங்கே என்றால், அதே 2005 சட்டத்தின் கீழ் 2018ல் பண வண்டிகளுக்கென்று தனி விதிகள் வந்தன. நகரத்தில் இரவு 9 மணிக்கு மேல் ஏடிஎம்மில் பணம் நிரப்பக் கூடாது, கிராமத்தில் மாலை 6 மணிக்கு மேல் கூடாது. வண்டியில் துப்பாக்கி ஏந்திய காவலர் இரண்டு பேர் வேண்டும். ஒரு வண்டியில் 5 கோடிக்கு மேல் ஏற்றக் கூடாது. மணி, ஆள் எண்ணிக்கை, தொகை என்று எல்லாம் எண்ணில் எழுதியிருக்கிறது, எதைச் சோதிக்க வேண்டும் என்பதில் குழப்பமே இல்லை. அந்தப் பணத்தை எடுக்க ராத்திரி பத்து மணிக்கு உள்ளே போகிற பெண்ணுக்காக இப்படி ஒரு வரி கிடையாது.

சரி, 2005 சட்டத்தில் பிசகு எங்கே? எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். சோதனை செய்யும் அதிகாரத்தைப் பற்றிய 16வது பிரிவைப் படியுங்கள். கட்டுப்பாட்டு அதிகாரியோ அவர் அனுப்பும் ஆளோ ஏஜென்சியின் இடத்துக்குள் நுழையலாம், பதிவேடுகளையும் கணக்குகளையும் பார்க்கலாம், நகல் எடுக்கலாம். ஏஜென்சியின் இடம் என்றால் அவர்கள் ஆபீஸ். அங்கே போனால் என்ன கிடைக்கும்? பயிற்சிச் சான்றிதழ் ஃபைலில் இருக்கும், சம்பளப் பட்டியலில் எட்டு மணி நேரம் என்று இருக்கும், சூப்பர்வைசர் பட்டியல் விதிப்படியே இருக்கும். வாசலில் சணல் கட்டிய நாற்காலியில் பன்னிரண்டு மணி நேரம் உட்கார்ந்திருக்கிற ஆள் அந்த ஃபைலில் தெரிய மாட்டார். உடுப்பைப் பற்றியும் விசிலைப் பற்றியும் அவ்வளவு நுணுக்கமாக எழுதிய விதி, அதை வாசலில் போய்ப் பார்க்க ஒருவரை அனுப்பவில்லை. உள்ளூர்க் காவல் நிலையத்து ரோந்துக்காரர் தினமும் அதே வாசலுக்கு வருகிறார். அவர் பட்டா புத்தகத்தில் இன்னும் இரண்டு கட்டம் சேர்த்தால் போதும்: ஏஜென்சி லைசென்ஸ் எண், காவலாளியின் அடையாள அட்டை எண். இதைச் செய்யப் புதுச் சட்டம் வேண்டாம், மாநிலக் கட்டுப்பாட்டு அதிகாரியும் காவல் துறையும் சேர்ந்து ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் முடியும் என்பது என் எண்ணம்.

இன்னொரு ஓட்டை, சட்டம் பிடிப்பது ஏஜென்சியை. நீங்களும் நானும் நேரடியாகச் சம்பளம் கொடுத்து வைக்கிற வாட்ச்மேனுக்கு இந்த லைசென்ஸ் ஏற்பாடு பொருந்தாது. பத்து வீடு உள்ள அபார்ட்மெண்ட்டில் லிப்ட்டுக்கு அடியில் குடும்பத்தோடு தங்கியிருக்கிற வாட்ச்மேன், ராத்திரி தடியைத் தட்டிக்கொண்டு விசில் ஊதிப் போய், மாதம் பிறந்தால் வீட்டுக்கு வீடு காசு வாங்க வருகிற கூர்க்கா, இவர்கள் யாரும் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. அவர்களுக்குக் கெடுதல் நடந்தாலும் கேட்க நாதியில்லை, அவர்களால் கெடுதல் நடந்தாலும் விசாரிக்கத் தாளில்லை.

இங்கே ஒன்று சொல்லத் தோன்றுகிறது. தெற்கே நம் கிராமங்களில் வெள்ளைக்காரன் ஒழிப்பதற்கு முன் காவல் முறை ஒன்று இருந்தது. ஊர் காவல்காரருக்குக் காவல் கூலி கொடுக்கும், களவு போனால் அவர் மீட்டுத் தர வேண்டும், முடியாவிட்டால் ஈடு கட்ட வேண்டும். அதில் அட்டூழியமும் இருந்தது, துப்புக் கூலி என்ற பெயரில் திருடியவர்களுக்கே காசு போனதும் உண்டு, அது திரும்பி வர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் காவல் தவறினால் யார் பொறுப்பு என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்திருந்தது. கார்ப்பரேஷன் சர்க்கிளில் அது தெரியவில்லை.

காவலாளியின் உயிரைப் பற்றியும் பேச வேண்டும். 2015 ஜனவரியில் திருச்சூரில் ஒரு குடியிருப்பின் கேட்டைத் திறக்கத் தாமதமாக்கினார் என்று ஒரு பணக்காரர் காவலாளியைக் காரால் மோதி அடித்தார். அடுத்த மாதம் அந்தக் காவலாளி ஆஸ்பத்திரியில் இறந்தார், மறு வருஷம் ஆயுள் தண்டனை விதித்தது நீதிமன்றம். அந்தக் காவலாளி செய்தது அவர் வேலையை. வருகிற வண்டியை நிறுத்திப் பார்க்கத்தான் அவரை அங்கே நிறுத்தியிருந்தார்கள். நம் குடியிருப்பில் எத்தனை பேர் வண்டியை நிறுத்தினால் “யாருன்னு தெரியலையா” என்று அவரிடம் எகிறுகிறோம்? நம்மிடம் இப்படித் திட்டு வாங்கிப் பழகியவர், அசல் திருடன் வந்தால் நிறுத்துவாரா?

எங்கள் சங்கத்துக்கு வருகிறேன். பழைய ஏஜென்சியிடம் லைசென்ஸ் நகல் கேட்டபோது மூன்று வாரம் இழுத்தார்கள். கடைசியில் வந்த நகலைப் பார்த்தால் அது பக்கத்து மாவட்டம் ஒன்றுக்கு மட்டும் வாங்கிய லைசென்ஸ், நாங்கள் இருப்பது சென்னை மாவட்டம். நான்கு வருஷமாக மாதா மாதம் பணம் கட்டியிருக்கிறோம், ஒரு முறைகூடக் கேட்டதில்லை, அந்தத் தப்பு எங்களுடையது. எங்கள் ராத்திரிக் காவலாளி அஸ்ஸாம் பையன், 22 வயது இருக்கும். நாங்கள் ஏஜென்சிக்குக் கட்டுகிற தொகையில் பாதிக்குக் கொஞ்சம் மேலேதான் அவன் கைக்குப் போகிறது என்பதும் அப்போதுதான் தெரிந்தது. பிஎஃப் பிடித்தம் என்று சொல்லியிருக்கிறார்கள், எண் கேட்டால் அவனிடம் இல்லை.

புது ஏஜென்சியோடு போட்ட ஒப்பந்தத்தில் மாதிரி விதிகளிலிருந்தே எடுத்துச் சில வரிகளைச் சேர்த்தோம். எங்கள் மாவட்டத்துக்குச் செல்லும் லைசென்ஸ் நகல் ஆபீஸ் சுவரில் மாட்டியிருக்க வேண்டும். எட்டு மணி நேர ஷிப்ட், டபுள் டூட்டி கூடாது, ரிலீவர் வராவிட்டால் ஏஜென்சிக்கு அந்த நாள் பணம் கிடையாது. பயிற்சிச் சான்றிதழும் பிஎஃப் எண்ணும் காவலாளி கையிலேயே இருக்க வேண்டும். சூப்பர்வைசர் வாரம் இரண்டு ராத்திரி நேரில் வர வேண்டும். அப்புறம் ஒரு நல்ல நாற்காலி, குடிதண்ணீர், தரைத்தளக் கழிப்பறையின் சாவி, இது எங்கள் பொறுப்பு. மாதச் செலவு வீட்டுக்கு 350 ரூபாய் கூடியது. பொதுக்குழுவில் இரண்டு மணி நேரம் சண்டை நடந்தது, எட்டு வீட்டுக்காரர்கள் எதிர்த்தார்கள், அவர்களில் இருவர் இன்னும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

அஸ்ஸாம் பையன் புது ஏஜென்சியில் சேர்ந்துகொண்டான், 20 நாள் பயிற்சிக்குப் போய்விட்டு வந்தான். வந்த அன்று விசிலை இடது பையில் காட்டிச் சிரித்தான். விதியில் சொன்ன அந்த நோட்டை நானே வாங்கிக் கொடுத்தேன், நாற்பது பக்க நோட்டு, கயிற்றில் கட்டிய பேனா. தமிழ் எழுத வராது, இந்தியில்தான் எழுதுகிறான். எதிர் வீட்டுப் பாட்டி வடக்கே இருந்தவர், அவர்தான் படித்துச் சொன்னார். முதல் வாரம் வெறும் மணிக் கணக்குதான் இருந்தது. இரண்டாவது வாரம், ஒரு ராத்திரி 2.40க்கு ஒரு வரி இருந்தது: பின் கேட் பக்கம் பல்ப் எரியவில்லை, பூட்டை இழுத்துப் பார்த்தேன், சரியாக இருக்கிறது.